மேற்கு என்று எழுதியிருந்த அம்பு

மெஹர் பானுவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் அவள் கோபத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். பார்த்த முதல் நாளே அதில் எனக்கு ஒரு பங்கு கிடைத்தது.

என் பெயர் சவுரிமுத்து. பம்மலில் வீடு. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையைத் தாண்டி, வற்றிப்போன ஏரியின் ஓரமாக ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, சொல்லிப் பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. இரும்புக் குழாயையும் விளக்குக் கம்பத்தையும் ஆசிட் தொட்டியில் கழுவி, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிற இடம். முக்கும்போதெல்லாம் வெள்ளையாகப் புகை கிளம்பும். அந்தப் புகை யார் தலையில் போய் விழுகிறது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே, அதற்காக முதல் முதலாளி எழுபதுகளிலேயே ஒரு காற்றுக் கருவி வாங்கி வைத்திருந்தார்.

கூரை மேல் ஒரு கம்பம். அதன் உச்சியில் சுற்றுகிற மூன்று கிண்ணங்கள் காற்றின் வேகத்தைச் சொல்லும். பக்கத்தில் வால் வைத்த ஒரு அம்பு, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பும். அங்கிருந்து ஒயர் இறங்கி என் அறைக்கு வரும். அறையில் இரண்டு டயல். மணிக்கு ஒரு தரம் முள்ளைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. வடக்கென்றால் பூஜ்யம், கிழக்கு தொண்ணூறு, தெற்கு நூற்றெண்பது, மேற்கு இருநூற்றெழுபது. இதற்கு ஒரு ஆளா என்று கேட்காதீர்கள், என் மனைவி கேட்டது போதும்.

2001-ல் அந்தத் திசை முள் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆட ஆரம்பித்தது. புதுக் கருவி விற்க வந்த டை கட்டிய ஒருவர், "இதைத் தூக்கி மியூசியத்துல போடுங்க சார்" என்றார். நிர்வாகத்துக்கு அந்த விலை பிடிக்கவில்லை. யாரோ பொழிச்சலூரில் ஒரு ஆள் இருப்பதாகச் சொல்ல, ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு டிவிஎஸ் 50-யில் கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே என் அறைக்குள் வந்தாள். நான் அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, "வாங்க, மெக்கானிக் நீங்கதானா?" என்றேன்.

"அவரு பல்லாவரத்துல செருப்புக் கடை வெச்சிருக்காரு" என்றாள் அவள். "வாரு அறுந்தா அவர்கிட்ட குடுங்க. முள்ளு ஆடினா என்கிட்ட பேசுங்க."

அவள் கணவர் ஹாஜா மைதீன் பாய் சிரிக்கவில்லை. டூல் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு இது பழக்கம் போலிருக்கிறது.

ஒரு மணி நேரம் அவள் கருவியைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு டயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல். "திறந்து பாக்கலையா?" என்றேன். "எத்தனை மணிக்கு ஆட ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள். பதினோரு மணிக்கு மேல்தான் என்றேன். அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. பெட்டியிலிருந்து பெண்கள் தலைமுடி உலர்த்துகிற டிரையரை எடுத்தாள். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த போர்டின் மேல் சூடான காற்றைக் காட்டினாள். முள் துள்ளியது. ஈரப்பஞ்சால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக் குளிர வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் பஞ்சு பட்டதும் முள் சாதுவாக நின்றது. அங்கே ஈயத்தால் வைத்த சால்டர் சரியாகப் பிடிக்காமல், வெயில் ஏற ஏற விலகிக்கொண்டிருந்தது. முப்பது வருஷக் கருவியின் பழுதை நாற்பது நிமிஷத்தில் மூடினாள்.

கடைசியில் அவள் செய்ததுதான் எனக்கு வேடிக்கை. மூடியைப் பூட்டி, ஒவ்வொரு திருகாணித் தலையிலும் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்தாள். யாராவது திறந்தால் பொட்டு உடையும், அவளுக்குத் தெரிந்துவிடும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்று அவள் தன் விரலில் பாலிஷ் போட்டதே கிடையாதாம். ஆனால் பம்மல் ஃபேன்சி ஸ்டோரில் மாதம் ஒரு பாட்டில் வாங்குவாள். கடைப் பெண், "யாருக்குக்கா இத்தனை அலங்காரம்?" என்று கிண்டல் செய்தால், "என் பிள்ளைங்களுக்கு" என்பாளாம். பழைய கருவிகளைத்தான் சொல்கிறாள்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தரம் வருவாள். வரவரப் பேச்சு கூடியது. நான் சவுரி அண்ணா ஆனேன், அவள் பானு ஆனாள்.

அவள் கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கிண்டியில் வானிலைக் கருவிகள் செய்த ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பெண்கள் எல்லாம் கீழே வரிசையாக உட்கார்ந்து சால்டர் வைப்பார்கள். கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கிற வேலை மொட்டை மாடி டவரில், அது ஆண்களுக்கு. தன்னை அங்கே மாற்றச் சொல்லிக் கேட்டாள். "ஏணி ஏறணும்மா, உன்னால ஆகாது" என்றார் சூப்பர்வைசர். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு டவர் உச்சிக்கு ஏறி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். கீழே கூட்டம் கூடிவிட்டது. இறங்கி வா என்று சூப்பர்வைசர் கத்தினார். மாற்றல் எழுதிக் கையில் கொடுத்தால் இறங்குகிறேன் என்றாள். எழுதிக் கொடுத்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் கம்பெனியை மூடினார்கள். சர்க்யூட் வரைபடங்களை எல்லாம் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்காக வாசலில் வைத்திருந்தார்களாம். பானு அந்தச் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். உனக்கு எதற்கு இது என்று கேட்டதற்கு, "நான் சால்டர் வெச்ச பொருளெல்லாம் இன்னும் ஊரெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு. அதுங்க நின்னா யாரு போய் பாக்கறது?" என்றாளாம். கல்லூரிக் கூரைகள், சர்க்கரை ஆலைகள், எங்களைப் போன்ற புகைக் கம்பெனிகள் என்று ஒரு நாற்பது இடத்தில் அவள் சிவப்புப் பொட்டு இருந்தது. சரிபார்த்ததும் ஒரு சர்டிஃபிகேட் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அதிகாரிகள் மெஹர் பானு என்று பார்த்தால் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தக் கையெழுத்துதான் அவளுடைய சொத்து. வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

2006 நவம்பரில் கூரைக் கம்பம் சாய்ந்துவிட்டது. ஆசிட் ஆவி அடித்து அடித்து அடிப்பகுதி துருவேறிக் கொட்டிப்போயிருந்தது. கம்பத்தை வெட்டிப் புதுக் குழாய் வைத்து வெல்டிங் செய்தார்கள். பழைய கம்பத்தில் திசைக்கு வைத்திருந்த அடையாளம் அதோடு போய்விட்டது. அம்பை மறுபடி மாட்டும்போது எது மேற்கு, எது வடக்கு என்று புதிதாகக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து அடைமழை மேகம், சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. பானு திசைகாட்டியை எடுத்தாள். சுற்றிலும் இரும்புக் கூரை, இரும்புத் தூண். திசைகாட்டி முள் பம்பரம் மாதிரி சுற்றியது.

கூரையின் கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு நீளமான அம்புக்குறி போட்டு 'மேற்கு' என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். தூறல் தொடங்கிவிட்டது. அந்த அம்புக்குறியை வைத்துக் கருவியின் மேற்கைப் பொருத்தினாள். திருகாணிகளில் பொட்டு வைத்தாள். சரியாக இருக்கிறது என்று சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நனைந்துகொண்டே போனாள். ஏணியைப் பிடித்தவன் நான்.

அடுத்த மார்ச்சில் சண்டை வந்தது.

எங்கள் கம்பெனிக்கு மேற்கே, அரை கிலோமீட்டரில் ஒரு காலனி. நாலு தெரு. அங்கே கன்னியம்மா என்று ஒரு இஸ்திரிக்காரம்மா. துவைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட்டுத் தருவாள். மத்தியானத்தில் கொடியில் போட்ட துணியெல்லாம் ஓட்டை ஓட்டையாகிறது, தெருப் பிள்ளைகள் எல்லாம் இருமுகிறார்கள், எல்லாம் இந்தக் கம்பெனிப் புகைதான் என்று நாலு தெருவையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்துவிட்டாள். விசாரணைக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார். எங்கள் மானேஜர் ஞானையா நிதானமான மனிதர், சத்தம் போட்டே பேச மாட்டார். என் ரெஜிஸ்டரை எடுத்து அதிகாரி முன்னால் விரித்தார்.

மத்தியானமானால் கடல் காற்று வரும். ரெஜிஸ்டரில் தினமும் அந்த நேரத்துக்கு எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்தைந்து என்று நான் எழுதியிருந்தேன். அதாவது கிழக்கிலிருந்து இல்லை, கொஞ்சம் வடகிழக்கில் சாய்ந்து வருகிற காற்று. அந்தக் கணக்குப்படி புகை காலனியைத் தொடாமல் தெற்காக விலகி, காய்ந்த ஏரி மேல் போய்விடும். "அந்தம்மாவோட இஸ்திரிப் பெட்டிக் கங்கு தெறிச்சு ஓட்டை விழுந்திருக்கும் சார்" என்றார் ஞானையா, வருத்தப்படுகிறவர் மாதிரி. கருவி சரியானதுதானா என்று அதிகாரி கேட்டார். பானுவின் சர்டிஃபிகேட்டை நீட்டினார். சரிபார்த்த ஆள் வெள்ளிக்கிழமை நேரில் வந்து சொல்லட்டும், அத்தோடு முடித்துவிடலாம் என்று அதிகாரி கிளம்பினார்.

வியாழக்கிழமை மத்தியானம் பானு வந்தாள். ஒரு தரம் பார்த்துவிட்டு நாளைக்குச் சாட்சி சொல்கிறேன் என்று. கேட்டில் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, அந்தக் காத்து மிசினுக்கு கையெழுத்து போட்டது நீதானா?"

"நான்தான்."

"உன் மிசினு பொய் சொல்லுது."

பானுவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. அதுக்கு மனுஷங்க வேணும்."

கன்னியம்மா கையிலிருந்த மூட்டையை அவிழ்த்து ஒரு புடவையை எடுத்து உதறினாள். "அப்போ இந்தப் பொடவ பொய் சொல்லுதா? வாத்தியாரம்மா வூட்டுப் பொடவ. கொடில ஒரு மணி நேரம் கெடந்துச்சு. பாரு, சல்லடையா கீது. நான் அவங்களுக்கு இன்னா பதிலு சொல்லட்டும்?"

பானு புடவையை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு ஓட்டையை விரலால் தடவினாள். அப்புறம் இன்னொன்றை. கருவியைப் பார்க்கிற அதே பார்வை. "கங்கு பட்டிருந்தா ஓரம் கருகி இருக்கும்" என்று அவளாகவே சொன்னாள். "இது ஆசிட் பட்ட மாதிரி மட்கி விழுந்திருக்கு." புடவையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகக் கூரைக்கு ஏறினாள். அவள் கோபம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான் கீழே டயல் முன்னால். அவள் மேலே அம்பைக் கையால் பிடித்துத் திருப்பித் திருப்பி நிறுத்துவாள், நான் ஜன்னல் வழியாக எண்ணைக் கத்துவேன். எல்லாம் பிசகில்லாமல் வந்தது. ஒயர் சரி, போர்டு சரி. பொட்டு ஒன்றுகூட உடையவில்லை. இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேல் இறங்கிப் போனது. கடல் காற்று அடிக்கிற நேரங்களில் மீனம்பாக்கத்துக்கு விமானங்கள் எங்கள் பக்கமாகத்தான் வரும். பானு பொழிச்சலூரில் பிறந்து அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவள். ஓடுபாதைக்கு ஏன் ஏழு என்று பெயர் என்பது அந்தத் தெருவில் பலருக்குத் தெரியும். எழுபது டிகிரியை ஒட்டிய திசையில் ஓடுகிறது, பூஜ்யத்தை விட்டுவிட்டு ஏழு. அம்பை அந்த விமானம் போன கோட்டுக்கு நேராக நிறுத்திவிட்டு, "எவ்ளோண்ணா?" என்று கத்தினாள்.

"அம்பத்திரண்டு."

கொஞ்ச நேரத்தில் அடுத்த விமானம் வந்தது. "இப்போ?"

"அதேதான். அம்பத்திரண்டு."

எழுபது வர வேண்டிய இடத்தில் ஐம்பத்திரண்டு. நான் மேலே ஏறிப் போனபோது அவள் கைப்பிடிச் சுவர் ஓரம் அந்தச் சுண்ணாம்பு அம்புக்குறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "பொழுது சாயற வரைக்கும் இருக்கேன்" என்றாள். மார்ச் இருபத்திரண்டு அன்றைக்கு. வருஷத்தில் அந்தச் சில நாட்கள்தான் சூரியன் அசல் மேற்கில் இறங்கும் என்று அவளே சொன்னாள்.

ஆறு மணிக்கு மேல் துத்தநாகத் தொட்டியில் வேலை செய்கிற அக்தர் மேலே வந்தான். முகம் கழுவி, தொழுகைப் பாயை எடுத்துவந்து, அந்த அம்புக்குறிக்கு நேராக விரித்தான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லட்டும் என்று காத்து நின்றான். சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாய்க்கு நேரே இல்லை. அவன் இடது தோள் பக்கம், நன்றாகவே விலகி இறங்கியது.

"தம்பி, இந்த அம்பு நீ போட்டதா?" என்றாள் பானு.

"ஆமாக்கா. மழைக்காலத்துல குழப்பமா இருக்குன்னு போட்டேன். அதோ தெரியுதே பள்ளிவாசல், அந்தச் சுவரப் பாத்து நூல் புடிச்சுப் போட்டேன்."

"மேற்குன்னு எழுதியிருக்கே."

அக்தர் சிரித்தான். "வூட்ல அப்படித்தானக்கா சொல்லுவோம், மேற்கே பாத்து நில்லு, மேற்கே கால் நீட்டாதேன்னு. கிப்லா நமக்கு மேற்குலேர்ந்து கொஞ்சம் வடக்கே சாய்ஞ்சில்ல இருக்கும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் பானு. "தெரிஞ்சும் என் வாய்க்கு அதான் மேற்கு."

பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்ட சொல். அந்தச் சொல்லைச் சுவரில் பார்த்ததும் கை தானாகப் போயிருக்கிறது. அக்தர் போட்ட கோடு மெக்கா இருக்கிற கிப்லா திசை, தொழுகைக்குச் சரியான கோடு. அவள் அதைக் காற்றுக்கு எடுத்துக்கொண்டாள். பதினெட்டு டிகிரி. எழுபத்திரண்டு என்று நான் எழுதியதெல்லாம் உண்மையில் தொண்ணூறு. அசல் கிழக்குக் காற்று. புகை நேராகக் காலனிக்கு.

கேட்டில் ஹாஜா மைதீன் பாய் வண்டியோடு நின்றிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நாளைக்குச் சொல்லித்தான் ஆகணுமா?"

"ஆமாங்க."

"சரி, ஏறு. காலைல கடை தொறக்கல. நானும் வரேன்."

வெள்ளிக்கிழமை, அதிகாரி வருவதற்கு முன்னாலேயே பானு மானேஜர் அறைக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், ரெஜிஸ்டரோடு. அவள் சொன்னதை ஞானையா முழுக்கக் கேட்டார். டீ வரவழைத்தார்.

"கருவியில பழுது இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. அதைச் சொல்லுங்க, போதும். பொய் ஒண்ணும் இல்லையே" என்றார். "யோசிச்சுப் பாருங்கம்மா. இதுல தப்புப் பண்ணிட்டேன்னு நீங்க சொன்னா, நாற்பது எடத்துல நீங்க போட்ட கையெழுத்தையும் சந்தேகப்படுவாங்க. பொம்பளை, பழைய சாமானைக் கட்டிக்கிட்டு அழறான்னு ஏற்கனவே பேசறாங்க. அவங்களுக்கு நீங்களே எடுத்துக் குடுக்கணுமா?"

அவர் சொன்னது மிரட்டல் இல்லை, அத்தனையும் உண்மை. கிண்டி டவரில் ஏறி உட்கார்ந்து சம்பாதித்த பெயர் அது. ஒரு வார்த்தையில் போகப் போகிறது.

"சார், அந்தக் கையெழுத்து என்னுது" என்றாள் பானு. "அது சரின்னு சொல்ற உரிமை எனக்கு இருந்துச்சு. தப்புன்னு சொல்ற உரிமையும் எனக்குத்தான். அதை நீங்க வெச்சுக்க முடியாது." டீயைத் தொடவில்லை.

அதிகாரி வந்தார். கன்னியம்மாவும் காலனியிலிருந்து பத்துப் பேரும் வாசலில் நின்றார்கள். பானு யாரையும் உட்காரக்கூட விடவில்லை.

"சார், இந்தக் கருவி நல்லா வேலை செய்யுது. நான் மாட்டின திசை தப்பு. பதினெட்டு டிகிரி குறைச்சுக் காட்டுது. நவம்பர்லேர்ந்து ரெஜிஸ்டர்ல இருக்கற ஒவ்வொரு எண்ணோடயும் பதினெட்டைக் கூட்டணும். கூட்டினா புகை இந்தம்மா தெருவுக்குத்தான் போகுது."

அதிகாரி சர்டிஃபிகேட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியா இருக்குன்னு நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க?"

"நான்தான் எழுதினேன். அதனாலதான் நானே வந்து அடிக்கிறேன்." பேனாவை வாங்கி, தன் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கீழே 'திசை தவறு, தவறு செய்தது நான்' என்று எழுதித் தேதி போட்டாள். அத்தோடு விடவில்லை. அதிகாரியைக் கூரைக்கு அழைத்துப் போனாள். அவர் கண் முன்னால் திருகாணித் தலைகளிலிருந்த சிவப்புப் பொட்டுகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். விமானம் வரக் காத்திருந்து அந்தக் கோட்டை அவருக்குக் காட்டி, அம்பைத் திருப்பிச் சரியாகப் பொருத்தினாள். டயல் எழுபது காட்டியது.

கன்னியம்மா கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பானு இறங்கி வந்ததும், "இன்னாம்மா, உன் பேர நீயே கெட்த்துக்கினியே" என்றாள்.

"உன் பொடவை பொய் சொல்லலக்கா" என்றாள் பானு. "என் மிஷினும் சொல்லல. நடுவுல நான்தான்."

ஞானையா அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "இந்த லைன்ல இனிமே ஒரு கம்பெனியும் உங்களைக் கூப்பிடாதும்மா." "கூப்பிடாட்டி போகட்டும் சார். கூப்பிடறவங்க, இந்தம்மா தப்புப் பண்ணா தானே சொல்லிடுவான்னு தெரிஞ்சு கூப்பிடட்டும்" என்றாள். அவர் சொன்னது பாதிதான் பலித்தது. அந்த வருஷம் பதினோரு இடம் அவளை நிறுத்தியது. மிச்ச இடங்களுக்கு அவளே கடிதம் போட்டு, காசு வேண்டாம், திசையை மறுபடி பார்க்கிறேன் என்று போய் ஒவ்வொரு கூரையிலும் ஏறிப் பார்த்தாள். ஒன்றில்கூடத் தவறு இல்லை. எங்கள் கம்பெனி புகையைத் தண்ணீரில் கழுவுகிற டவர் கட்ட வேண்டி வந்தது. முனகிக்கொண்டே எட்டு மாதத்தில் கட்டினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்றைக்கு எல்லோரும் போன பிறகு பானு டூல் பாக்ஸை எடுக்க என் அறைக்கு வந்தாள். ரெஜிஸ்டரைத் திருத்திக் கொடுக்க எனக்கு உத்தரவு. நாலு மாதத்து எண்கள், ஒவ்வொன்றோடும் பதினெட்டு. நான் சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டே, "ஒரு அம்புக்குறி பண்ண வேலையைப் பாத்தியா பானு" என்றேன், ஏதோ சமாதானம் சொல்கிற மாதிரி.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். என் மேஜைக்கு நேர் எதிரே, மேற்குப் பக்கம் பார்த்த ஜன்னல். அதில் காலனியின் ஓட்டுக் கூரைகள் தெரியும். அந்த நேரத்திலும் வெள்ளைப் புகை சாவகாசமாக அந்தக் கூரைகள் மேல் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, நான் ஒரு நாள் தப்பாப் பாத்தேன்" என்றாள். "நீங்க தினமும் சரியாப் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து கூட்டினேன். எழுபத்திரண்டு, தொண்ணூறு. எழுபது, எண்பத்தெட்டு. ஒவ்வொரு மத்தியானமும் நான் முள்ளைப் பார்த்து எழுதிய கையோடு நிமிர்ந்து அந்தப் புகையைப் பார்த்திருக்கிறேன். முள் ஏரி என்கிறது, கண் காலனி என்கிறது, நமக்கென்ன, முள்ளைத்தானே எழுதச் சொன்னார்கள் என்று இருந்திருக்கிறேன். அவளுக்காவது மழை இருந்தது, மேகம் இருந்தது. எனக்கு நாலு மாதமும் நல்ல வெளிச்சம்.

கடைசிப் பக்கத்தில் திருத்தியவர் கையெழுத்துக்கு ஒரு இடம் விட்டிருந்தது. அவள் எழுதியதைப் போலவே எழுதினேன்: 'புகை காலனி மேல் போவதைத் தினமும் கண்ணால் பார்த்தேன். எழுதவில்லை. தவறு செய்தது நான். சவுரிமுத்து.' அதிகாரிக்குப் போகிற காகிதக் கட்டுக்குள் நானே அதை வைத்து ஒட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. பரவாயில்லை, பார்த்ததை எழுதிவிட்டுத்தான் வந்தேன்.